பாங் சேன் போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். மும்பை மாட்டுங்காவில் இருந்து எழுதுகிறேன். ஜனவரியில் அம்மாவைத் தாய்லாந்து கூட்டிப் போகிறேன். அதில் இரண்டு நாள் பாங் சேன் கடற்கரையில் தங்க ஆசை. பாங்காக்கில் இருந்து சுமார் 100 கிலோமீட்டர், பட்டாயாவுக்கு முன்னாலேயே வந்துவிடும். வெளிநாட்டவர் அதிகம் போகாத இடம்; பாங்காக் குடும்பங்கள்தான் சனி, ஞாயிறில் வந்து குடை நிழலில் நாள் முழுக்க உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்காது என்று தெரியும். பரவாயில்லை. இங்கே ஜுஹு கடற்கரையிலும் அம்மாவுக்குப் பிடித்தது அந்தக் கூட்டம்தான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நிற்பார், பக்கத்தில் எந்தக் குழந்தை விளையாடினாலும் பேச்சுக் கொடுப்பார்.

என் கவலை இதுதான். படங்களில் பார்த்த துணி நாற்காலிகள் ரொம்பத் தாழ்வாக இருக்கின்றன. அம்மாவுக்கு முழங்கால் வலி, உட்கார்ந்தால் எழ முடியாது. உயரமான நாற்காலி கேட்டால் கிடைக்குமா?

அப்புறம் சாப்பாடு. நாங்கள் சுத்த சைவம், அங்கே காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள். மஞ்சள் கொடி கட்டிய 'ஜே' கடை, அதாவது அந்த ஊர் சுத்த சைவக் கடை, கடற்கரைப் பக்கம் இருக்கிறதா? பாங் சேன் பக்கத்து நோங் மோன் சந்தையில் மூங்கில் குழாயில் சுட்டு விற்கும் காவ் லாம், பசையரிசியும் தேங்காய்ப்பாலும்தானே, அதை நம்பி வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் இரண்டு நாளும் அதையே சாப்பிட முடியாதே.

பாங்காக்கின் எக்கமாய் பஸ் நிலையத்தில் இருந்து வயதானவர்களோடு பஸ்ஸில் போனவர்கள் இருந்தால், எங்கே இறங்கினீர்கள் என்றும் சொல்லுங்கள்.