மறுமொழி: 'குறைப்புவாதம்' வேண்டாம், 'ஒடுக்கவாதம்' என்போம்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

மனமும் உணர்ச்சியும் மூளையில் நிகழும் பௌதிக மாற்றங்களே என்பதுபோல, ஒன்றை அதன் அடிப்படையைக் கொண்டே விளக்கும் ரிடக்ஷனிசத்துக்கு (reductionism), நம் கலைச்சொல் பட்டியலுக்காக 'குறைப்புவாதம்' என்று குழுவின் ஐயா ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். எனக்கு உடன்பாடில்லை. தீபாவளி நெருங்கினால் இங்கே சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக் கடைகளில் 'விலைக் குறைப்பு' தொங்குகிறது. அந்தச் சொல் காதில் விழுந்ததுமே மதிப்பு இறங்கிவிட்டது என்றுதான் மனத்தில் படும். கொள்கையை விளக்குமுன்பே அதன் பெயர் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. 'குறுக்கம்' என்றால் ஐகாரக்குறுக்கம் படித்தவர்களுக்கு எழுத்தின் மாத்திரை (ஒலியளவு) சுருங்குவதே நினைவுக்கு வரும், அதுவும் சேராது.

வாயுவின் வெப்பநிலையை மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றலைக் கொண்டு விளக்குகிறோம். விளக்கிய பிறகும் ஆவி கையைச் சுடத்தான் செய்கிறது. அங்கே எது குறைந்தது?

என் தாயாருக்குப் பக்கவாதம் வந்த பிறகு, ஆறிய மைலோவை நீட்டினால்கூட அழுதார். மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னதைக் கட்டிலருகே நின்று நான்தான் தமிழாக்கினேன்: அழுகையைக் கட்டுப்படுத்தும் மூளைப் பாதையில் சேதம், துக்கம் காரணமில்லை. அம்மா உடனே, "அதைத்தானே நானும் சொல்கிறேன், எனக்கு வருத்தமே இல்லை, கண்ணீர்தான் வருகிறது" என்றார். அந்த விளக்கம் எங்கள் வீட்டையே ஆற்றியது. சில மாதம் கழித்துத் தோழி இறந்த செய்தி வந்தபோதும் அழுதார். அதே முகம், அதே விம்மல். இது வேறு என்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. தொல்காப்பியர், உணர்ச்சி உடலில் வெளிப்படும் எண்வகை மெய்ப்பாடுகளில் அழுகையை இரண்டாவதாக வைத்தார். மெய்யில் பட்டது இரண்டு முறையும் ஒன்றுதான். அந்த வேறுபாட்டுக்கும் மூளையில் ஒரு தடம் இருக்கும் என்றே நம்புகிறேன். தடம் அகப்பட்டுவிட்டால் அம்மாவின் துக்கம் குறைந்துவிடுமா?

ஆகவே 'ஒடுக்கவாதம்' என்கிறேன். சைவ சித்தாந்தத்தில் காரியம் (விளைவு) காரணத்தில் ஒடுங்கும். ஒடுங்கியது அழிவதில்லை, அங்கே உளது. (உயிரைச் சடப்பொருளில் ஒடுக்க அச்சித்தாந்தம் ஒருபோதும் இசையாது. நாம் எடுப்பது சொல்லை மட்டுமே.) 'ஒடுக்குமுறை' நினைவுக்கு வருமே என்பீர்கள். அது ஒடுக்குவது. அடங்குவது அடக்கம் ஆவதுபோல, ஒடுங்குவது ஒடுக்கம்.

மெய்யியலாளர் பால் சர்ச்லண்டு 1981இல் வாதிட்டது இதைவிடக் கடுமையானது. நம்பிக்கை, விருப்பம் என்று நாம் பேசுவதே தவறான கோட்பாடு, கைவிடப்பட வேண்டியது என்றார். அதற்கு 'ஒழிப்புவாதம்' பொருந்தும். ஒடுங்கியதையும் ஒழிந்ததையும் ஒரே பெயரில் அடைக்க வேண்டாம்.

பட்டியலில் இப்படி எழுதலாமா?

ஒடுக்கவாதம்: ஒரு நிலையில் உள்ளவற்றை, அவற்றுக்கு அடிப்படையாக இருப்பவற்றைக் கொண்டே முழுதும் விளக்கிவிடலாம் என்னும் கொள்கை.

'முழுதும்' என்பதை எடுத்துவிடாதீர்கள். அக்கொள்கையோடு எனக்குள்ள வழக்கு அந்தச் சொல்லில்தான்.

அன்புடன்,
தோ பாயோவிலிருந்து