சாங்கியில் இறங்கி, தேக்காவில் தங்கி, கப்பல் ஏறியவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை, மதுரை

சிங்கப்பூர் சொகுசுக் கப்பலைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் சாப்பாட்டில் ஆரம்பித்து நீச்சல் குளத்தில் முடிக்கிறார்கள். சாங்கி விமான நிலையத்தில் இறங்கிப் பெட்டிகளோடு எதில் ஏறுவது, கப்பல் நாளன்று எந்தக் கரைக்குப் போவது, திரும்பி வந்தபின் இரவு விமானம் வரை எங்கே கிடப்பது? இதற்கெல்லாம் பதில் தேடித்தான் நான் அலைந்தேன். எங்கள் கதையைச் சொல்கிறேன், உங்களுடையதையும் சேருங்கள்.

நாங்கள் ஆறு பேர். அம்மா, அப்பா, நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். சென்னையில் நள்ளிரவு விமானம். பயணம் நாலு மணி நேரம்தான், ஆனால் அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. வெளியே வந்தபோது ஆறரை தாண்டியிருந்தது, இன்னும் இருட்டு. சிங்கப்பூரில் ஏழு மணி வாக்கில்தான் விடியும்.

டாக்சி வரிசையில் நின்றோம். வரிசையை ஒழுங்குபடுத்தும் அம்மா எங்களை ஒரு பார்வை பார்த்தார். விரலால் ஆட்களை எண்ணினார், அப்புறம் பெட்டிகளை எண்ணினார், தலையை ஆட்டினார். சாதாரண டாக்சியில் நாலு பேர்தான். ‘பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்கிறோம்’ என்று என் அப்பா சைகையில் சொல்லிப் பார்த்தார். நம்மூர் ஷேர் ஆட்டோ பழக்கம். அந்த அம்மா சிரித்துவிட்டு உள்ளே கைகாட்டினார். வருகைக் கூடத்திலேயே பெரிய வண்டிகளுக்கென்று தனி மேசை இருக்கிறது. மீட்டர் கிடையாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிற ஒரே தொகை. இரண்டு டாக்சி எடுப்பதும் கிட்டத்தட்ட அதே செலவுதான், ஆனால் வயசானவர்களைத் தனி வண்டியில் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியா பக்கம், எடுத்திருந்த விடுதியில் அறை மதியம்தான் கிடைக்கும் என்றார்கள். பெட்டிகளை வரவேற்பறையில் வாங்கி வைத்துக்கொண்டு சீட்டு கொடுத்தார்கள். முகம் கழுவிக்கொண்டு செராங்கூன் சாலையில் இட்லி சாப்பிடக் கிளம்பிவிட்டோம். காலை விமானத்தில் வருகிறவர்கள் மாற்று உடை ஒன்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டியை வரவேற்பறை நடுவில் திறந்து பாட்டியின் புடவையைத் தேடுவது நல்ல காட்சியில்லை.


பொன்மலை ரயில்காரர், திருச்சி

நான் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியன். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் ரயிலில் ஏறாமல் திரும்பினால் சாப்பாடு செரிக்காது. நானும் மனைவியும் மட்டும், ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டி. முழுக்க அந்த ஊர் மெட்ரோ ரயிலான எம்ஆர்டியில்தான் போனோம்.

பயணச்சீட்டு வாங்க வேண்டியதில்லை. தட்டிச் செலுத்தும் வங்கி அட்டை இருந்தால் கதவில் அதையே தட்டலாம். வெளிநாட்டு அட்டைக்குப் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 சிங்கப்பூர் காசு தனியாகப் பிடிக்கிறார்கள். முக்கியமான விஷயம், ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும். ஒரே அட்டையை இரண்டு பேருக்குத் தட்ட முடியாது. எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு குடும்பம் கதவுக்கு உள்ளே பாதி, வெளியே பாதியாக நின்றது. நிலைய ஊழியர் வந்து பொறுமையாக விளக்கினார்.

அறிவிப்புப் பலகைகளில் தமிழும் இருக்கிறது. ஆங்கிலமே தெரியாத என் மனைவி தானா மேரா வருவதை எனக்கு முன்பே படித்துச் சொல்லிவிட்டாள். விமான நிலையத்திலிருந்து வரும் ரயில் அங்கேதான் முடிகிறது, அங்கே பச்சைத் தடத்துக்கு மாற வேண்டும்.

கப்பல் நாளன்று லிட்டில் இந்தியாவில் ஊதாத் தடம் ஏறி, டோபி காட் நிலையத்தில் சிவப்புத் தடத்துக்கு மாறி, கடைசி நிலையமான மரீனா சவுத் பியரில் இறங்கினோம். 2014இல் திறந்த நிலையம். ‘கடைசி நிலையம்’ என்பது பெரிய நிம்மதி, தவற விடவே முடியாது. கஷ்டம் எங்கே என்றால் டோபி காட்டில்தான். தடம் மாற நீண்ட நடை, மின்படிக்கட்டு மேல் மின்படிக்கட்டு. லிஃப்ட் இருக்கிறது, ஆனால் சக்கர நாற்காலிக்காரர்களும் குழந்தை வண்டிக்காரர்களும் முதலில். ஆளுக்கு இரண்டு பெட்டி என்றால் நான் ரயிலைச் சிபாரிசு செய்யமாட்டேன். ரயில்காரனே சொல்கிறேன்.

இறங்கியதும் இன்னொரு குழப்பம். நிலையத்தை ஒட்டி இருக்கும் படகுத்துறை வேறு, கப்பல் முனையம் வேறு. படகுத்துறையிலிருந்து கூசு தீவு, செயிண்ட் ஜான்ஸ் தீவுக்கெல்லாம் சிறு படகுகள் போகின்றன. கப்பலுக்குப் போகிறவர்கள் பெட்டியோடு இன்னும் கொஞ்சம் நடக்க வேண்டும். தலைக்கு மேல் கப்பல் தெரியும்போது வழி கேட்க வேண்டியதில்லை என்பது வேறு விஷயம்.


கோவை யாழினி

எங்க பிரச்சனை வேற மாதிரிங்க. மூணு வயசுப் பொண்ணு. விடுதியிலிருந்து துறைமுகத்துக்குச் செயலியில வண்டி கூப்பிட்டேன். வந்த ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, குழந்தையைப் பாத்து, ஏத்த முடியாதுன்னுட்டார். எனக்குக் கோபம் வந்துருச்சு. ‘அஞ்சு நிமிஷம் பாருங்க, நான் சொல்றது சட்டம்’னு சொல்லிட்டு, பக்கத்துல போன டாக்சியை அவரே கைகாட்டி நிறுத்திக் குடுத்துட்டுப் போனார்.

அப்புறம்தான் விளங்குச்சு. சிங்கப்பூர்ல 1.35 மீட்டருக்குக் குறைஞ்ச உயரம் உள்ளவங்களுக்குக் கார்ல குழந்தை இருக்கை கட்டாயம். மீட்டர் டாக்சிக்கு மட்டும் அதுல விலக்கு. செயலியில வர்ற தனியார் வாடகை வண்டிக்கு விலக்கு இல்லை. குழந்தை இருக்கையோட வர்ற வண்டின்னு செயலியில தனியா தேர்ந்தெடுக்கலாம், ஆனா காலையில கப்பலுக்கு ஓடுற நேரத்துல அது சீக்கிரம் கிடைக்குதுன்னு நம்பிடாதீங்க. செயலியிலேயே டாக்சியை மட்டும் கேக்கவும் வழி இருக்கு, அதைப் பண்ணுங்க.


தேக்கா வாசி, சிங்கப்பூர்

நான் இங்கே இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களைக் கப்பல் ஏற்றி அனுப்புவது எங்கள் வீட்டில் வாடிக்கை. மூன்று விஷயம் சொல்ல வேண்டும், முதலாவதுதான் பெரியது.

சிங்கப்பூரில் கப்பல் முனையம் இரண்டு. ஒன்று ஹார்பர்ஃபிரண்ட்டில், விவோசிட்டி கடைத்தொகுதியை ஒட்டி, செந்தோசாவுக்கு எதிரே. இன்னொன்று மரீனா சவுத்தில், 2012இல் திறந்த மரீனா பே குரூஸ் சென்டர். பெரிய கப்பல்கள் பெரும்பாலும் இரண்டாவதில்தான் நிற்கின்றன, ஆனால் ‘பெரும்பாலும்’ என்பதை நம்பி வண்டி ஏறாதீர்கள். பயணச்சீட்டில் முனையத்தின் பெயர் இருக்கும், அதைப் படியுங்கள். ‘சிங்கப்பூர் குரூஸ் சென்டர்’ என்று இருந்தால் அது ஹார்பர்ஃபிரண்ட். ஊருக்கே பொதுவான பெயர் மாதிரித் தெரிவதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். போதாக்குறைக்கு மரீனா பே சாண்ட்ஸ், மரீனா பராஜ், மரீனா பே எம்ஆர்டி என்று ‘மரீனா’ பெயரில் இங்கே அரை டஜன் இடம் இருக்கிறது.

ஒருமுறை என் மாமாவை ஏற்றிவிட ஹார்பர்ஃபிரண்ட் போயிருந்தேன். அங்கே நெற்றியில் விபூதியோடு ஒரு பெரியவர், பெட்டிகள், நாலைந்து பேர். இந்தோனேசியாவின் பாத்தாம் (Batam) தீவுக்குப் போகும் படகுச் சீட்டு விற்கும் இடத்தில் தங்கள் கப்பலின் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கப்பல் மரீனாவில். ‘தம்பி, கப்பல் இங்கேதானே வரும்?’ என்று கேட்டபோது பெரியவர் குரல் நடுங்கியது. டாக்சி வரிசைக்குக் கூட்டிப்போய் ஓட்டுநரிடம் நானே இடத்தைச் சொன்னேன். ஆறேழு கிலோமீட்டர்தான், நேரத்துக்குப் போய்விட்டார்கள். அனுபவமுள்ள டாக்சி அங்கிள்கள் பெட்டியை ஏற்றுமுன்பே ‘எந்தக் குரூஸ் சென்டர்?’ என்று கேட்பார்கள். உங்கள் ஓட்டுநர் கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாவது, விடுதி. தேக்கா பக்கம் தங்குவது சாப்பாட்டுக்காக மட்டுமல்ல. ஊதாத் தடத்தில் ஏறினால் ஹார்பர்ஃபிரண்ட் மாறாமலே வந்துவிடும், அதுவும் கடைசி நிலையம்தான். மரீனாவுக்கு ஒரே ஒரு மாற்றம். இரண்டு முனையத்துக்கும் இவ்வளவு வசதியாக அமைந்த, நம் ஆட்கள் விரும்பும் பேட்டை வேறில்லை. டாக்சியில் போனாலும் சாலை நெரிசல் இல்லாவிட்டால் கால் மணி நேரம், இருபது நிமிடம்.

மூன்றாவது சின்ன சூட்சுமம். சாங்கியிலிருந்து வரும்போது அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி நீலத் தடம் பிடித்தால் நேராக லிட்டில் இந்தியா வரலாம் என்று வரைபடம் காட்டும். உண்மைதான், ஆனால் அந்தத் தடம் சைனாடவுன், பேஃபிரண்ட் என்று நகர மையத்தை ஒரு முழு வளையம் சுற்றிவிட்டுத்தான் லிட்டில் இந்தியாவுக்கு வரும். அதற்கு வெகு முன்பே ஜாலான் புசார் நிலையம் வந்துவிடுகிறது. உங்கள் விடுதி செராங்கூன் சாலையின் தேக்கா முனையில் இருந்தால் ஜாலான் புசாரில் இறங்கி நடந்துவிடுங்கள். முஸ்தஃபா கடைப் பக்கம் என்றால் ஊதாத் தடத்தில் ஃபேரர் பார்க்.

நள்ளிரவுக்குமேல் இறங்குகிறவர்களுக்கு ரயில் கிடையாது. டாக்சியில் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை மீட்டர் தொகைக்குமேல் பாதி கூடுதல், விமான நிலையத்தில் ஏறுவதற்கான தனித்தொகை வேறு. பகலில் தேக்காவுக்கு 25 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) ஒட்டி வரும் பயணம் அந்த நேரத்தில் 40ஐ நெருங்கலாம். மீட்டரில் காட்டியதைவிட அதிகம் கேட்டால் ஏமாற்றுகிறார் என்று சண்டை போடாதீர்கள். இந்தக் கூடுதல் தொகைகள் எல்லாம் ரசீதில் தனித்தனியாக வரும், கேட்டு வாங்கிப் பாருங்கள்.


நல்லூரான், கொழும்பு

நாங்கள் திரும்பி வந்த நாளைப் பற்றிச் சொல்லுறன். ஏறுற நாளை விட இறங்குற நாள்தான் அலைச்சல் எண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.

கப்பலாலை இறங்கினாலும் சிங்கப்பூருக்குள்ளை புதுசா நுழையிற மாதிரித்தான். குடிவரவு வரிசை இருக்கு, மின்னியல் வருகை அட்டை திரும்பவும் நிரப்பவேணும். விமானத்திலை வரேக்கை நிரப்பினது இதுக்குச் செல்லாது. வந்து சேருற நாளையும் சேர்த்து மூண்டு நாளுக்குள்ளைதான் அதை அனுப்பலாம், எண்டபடியால் நாலு இரவுப் பயணம் போறவை ஏறுறதுக்கு முன்னம் அனுப்பேலாது. கப்பலிலை இணையத்துக்குக் காசு. நாங்கள் பினாங்கிலை இறங்கின இடத்திலை ஒரு தேத்தண்ணிக் கடையிலை இருந்து அனுப்பிப் போட்டம். அட்டை இலவசம், குடிநுழைவு ஆணையத்தின்ரை தளத்திலை மட்டும் நிரப்புங்கோ. காசு கேக்கிற தளம் எண்டால் அது அரசாங்கத்தின்ரை இல்லை.

வெளியிலை வந்தால் டாக்சி வரிசை பாம்பு மாதிரி. ஆயிரக்கணக்கிலை சனம் ஒரே நேரத்திலை இறங்குது. எங்களுக்கு முன்னாலை நிண்ட சென்னைக் குடும்பத்தோடை கதைச்சுக்கொண்டு நிண்டம், அவையின்ரை மகள்தான் ‘வாங்கோ, ரயிலுக்கு நடப்பம்’ எண்டு சொன்னவ. அங்கை ரயில் புறப்படுற இடம் எண்டபடியால் இருக்க இடமும் கிடைச்சது. ராஃபிள்ஸ் பிளேஸிலை பச்சைத் தடத்துக்கு மாறி, தானா மேராவிலை திரும்ப மாறி, விமான நிலையம். காலமை எல்லாச் சனமும் நகரத்துக்குள்ளை வர, நாங்கள் எதிர்த்திசையிலை போனதாலை நெரிசல் இல்லை.

விமானம் இரவு. சாங்கியிலை பெட்டி வைக்கிற இடம் இருக்கு, காசு கட்டி வைச்சுப் போட்டு ஜுவல் எண்ட கடைத்தொகுதிக்குள்ளை இருக்கிற அருவியைப் பார்த்துக்கொண்டு இருந்தம். திரும்ப விடுதிக்குப் போய் வந்திருந்தால் நாள் முழுக்க வீதியிலைதான்.


வைகைக்கரை, மதுரை

நல்லூரான் சொன்ன வருகை அட்டையோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களின் விசாவில் ‘பலமுறை நுழைவு’ என்று இருக்கிறதா என்று கப்பல் ஏறுமுன் பாருங்கள். போய்த் திரும்புவது இரண்டாவது நுழைவு.

இன்னொன்று, முனைய வாசலில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள், அவை மாலையில்தான் அறைக்கு வரும். எங்கள் கண்முன்னே ஒரு தம்பதி கடவுச்சீட்டையும் மாத்திரைகளையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்பிவிட்டார்கள். நூற்றுக்கணக்கான பெட்டிகளில் அவர்களுடையதைத் தேடி எடுத்து வர முக்கால் மணி நேரம் ஆனது. அப்புறம் அந்தப் பெட்டிகளில் மாட்ட வேண்டிய சீட்டுகளை வீட்டிலேயே அச்சடித்து வரச் சொல்வார்கள். ஒட்டுவதற்கு ஸ்டேப்ளர் வேண்டும், விடுதி வரவேற்பில் கேட்டால் தருகிறார்கள்.


கோவை யாழினி

தேக்கா வாசி அண்ணா, ஒரு கேள்வி. என் தங்கச்சி அடுத்த மாசம் போறா. கப்பல் காலையில 7 மணிக்குக் கரை சேரும்னு போட்டிருக்கு. 10:30க்கு ஒரு விமானம் விலை குறைவா இருக்கு. எடுக்கலாமா?


தேக்கா வாசி, சிங்கப்பூர்

வேண்டாம் தங்கச்சி. 7 மணி என்பது கப்பல் கரையில் அணையும் நேரம், ஆட்கள் இறங்கும் நேரம் அல்ல. அனுமதி கிடைத்து, வண்ணச் சீட்டுப்படி தளம் தளமாக அழைத்து, பெட்டியைத் தேடி எடுத்து, குடிநுழைவு முடிந்து வெளியே வர 9, 9:30 ஆகிவிடும். விமான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே பெட்டி வாங்குவதை நிறுத்திவிடும். பெட்டிகளைத் தாங்களே தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்களை முதலில் விடுவார்கள், அப்படியிருந்தும் 10:30 சூதாட்டம்தான். மதியம் 1 மணிக்குப் பிந்திய விமானம் பார்க்கச் சொல்லுங்கள். இரவு விமானம் கிடைத்தால் இன்னும் நல்லது. எங்கள் வீட்டுக்கு வந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டே போகலாம், மீன் குழம்பு பிடிக்குமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.