நீலகிரி சைக்கிள் பயணம்: ஏற்றத்தில் கியர் நழுவுகிறது, பாதைத் திட்டமும் சரியா என்று தெரியவில்லை – உதவி தேவை

வாணியம்பாடி வழிப்போக்கன்

வணக்கம். பிப்ரவரி நடுவில் மூன்று நாள் விடுப்பு கிடைக்கிறது. நீலகிரியைச் சைக்கிளில் சுற்றிவர வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. சமதளத்தில் ஒரே நாளில் 100 கி.மீ. ஓட்டிப் பழக்கம் உண்டு. மலையில் சுமையோடு ஓட்டியதில்லை.

என் திட்டம் இது. முதல் நாள் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாக ஊட்டி. இரண்டாம் நாள் கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கி, தெப்பக்காடு, கூடலூர். மூன்றாம் நாள் கூடலூரிலிருந்து நடுவட்டம் வழியாக மறுபடியும் ஊட்டி ஏறி, குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம்.

சைக்கிள் சாதாரண ஹைப்ரிட். முன்னால் 42, 34, 24 பல் உள்ள மூன்று சக்கரம், பின்னால் 14 முதல் 28 பல் வரை 7 சக்கரம். ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக். நான், சைக்கிள், சாமான் எல்லாம் சேர்த்து 100 கிலோ வரும்.

பயிற்சிக்காகப் போன வாரம் பைகளை மாட்டிக்கொண்டு ஏலகிரி ஏறிப் பார்த்தேன். நாலாவது கொண்டை ஊசி வளைவிலேயே தொல்லை தொடங்கிவிட்டது. பின்னால் பெரிய பல்லில் (28 பல் சக்கரத்தில்) போட்டு அழுத்தினால் 'கடக்' என்று சத்தம், கால் வழுக்குகிறது. பயந்துபோய் முன் 34-ல் வைத்தே மிதித்ததில் மறுநாள் முட்டி வலி. செயின் சமீபத்தில்தான் மாற்றினேன், ஃப்ரீவீல் (பின் பற்சக்கரத் தொகுதி) பழையது. எதை மாற்ற வேண்டும்? இந்தப் பாதை மூன்று நாளுக்குச் சரிவருமா?

சேலத்து மிதியன்

புதுச் செயின், பழைய ஃப்ரீவீல் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயின் உட்காராது. ஃப்ரீவீலை மாற்றுங்கள், தீர்ந்தது.

எண்ணெய்க்கை

அவ்வளவு சீக்கிரம் முடிவு கட்ட வேண்டாம். சமதளத்தில் ஓட்டுகிறவர்களுக்கு நடுப் பற்கள்தான் தேயும். பெரிய பல்லை அவர்கள் தொடுவதே அபூர்வம், அது புதுசு போலவே இருக்கும். அதில் நழுவுகிறது என்றால் காரணம் வேறாக இருக்கலாம்.

தம்பி, ஒன்றைக் கவனித்துச் சொல்லுங்கள். அழுத்தும்போது செயின் அதே சக்கரத்தில் ஒரு பல் தாண்டி உட்காருகிறதா, அல்லது பக்கத்துச் சின்னச் சக்கரத்துக்கு இறங்கிவிடுகிறதா? முதலாவது என்றால் தேய்மானம். இரண்டாவது என்றால் கேபிள் தளர்ந்திருக்கும், அல்லது செயினைச் சக்கரம் விட்டுச் சக்கரம் மாற்றும் பின் டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கும். சைக்கிளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, டீரெய்லரின் இரண்டு குட்டிச் சக்கரங்களையும் பாருங்கள். பெரிய பல்லோடு ஒரே நேர்கோட்டில் செங்குத்தாக நிற்க வேண்டும். கீழ்ச் சக்கரம் ஆரக்கம்பி பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கிறது என்று அர்த்தம்.

சாய்ந்திருந்தால் சரிசெய்யும் வரை அந்தக் கியரைத் தொடவே தொடாதீர்கள். டீரெய்லர் ஆரக்கம்பியில் மாட்டினால் சக்கரம் அங்கேயே பூட்டிக்கொள்ளும்.

வாணியம்பாடி வழிப்போக்கன்

பார்த்துவிட்டேன் அண்ணா. பெரிய பல்லில் போடும்போது அடுத்த சின்னதுக்கு இறங்குகிறது. பின்னாலிருந்து பார்த்தால் கீழ்ச் சக்கரம் உள்பக்கம் நன்றாகவே சாய்ந்திருக்கிறது. சில மாதம் முன்பு சுவரில் சாய்த்து வைத்த சைக்கிள் கியர் பக்கமாகக் கீழே விழுந்தது, அதுவாகத்தான் இருக்கும். ஆனால் எழுந்து நின்று மிதித்தால் நடுவில் உள்ள நாலாவது, ஐந்தாவது சக்கரத்திலும் லேசாகப் பல் தாண்டுகிறது.

எண்ணெய்க்கை

அப்படியென்றால் சேலத்து நண்பர் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. இரண்டு கோளாறும் ஒன்றாக இருக்கிறது.

முதலில் ஹேங்கரை நிமிர்த்துங்கள். அதற்கென்று அளவு பார்க்கும் நெம்புகோல் கருவி வைத்திருக்கும் கடையாகப் பாருங்கள், கண்மதிப்பில் நிமிர்த்தினால் பாதிதான் சரியாகும். கழற்றி மாட்டும் வகை ஹேங்கராக இருந்தால் புதிதே போடுங்கள், கூடுதலாக ஒன்று வாங்கிப் பையிலும் வையுங்கள். ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு வடிவம் என்பதால் மலையில் தேடினால் கிடைக்காது.

அடுத்து ஃப்ரீவீல். எப்படியும் மாற்றப் போகிறீர்கள், 14-34 ஆகப் போடுங்கள். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். உங்கள் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.17 மீட்டர் போகும். சுமையோடு ஏற்றத்தில் மணிக்கு 6 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொள்வோம். ஏலகிரியில் மிதித்தது போல முன் 34-ல் வைத்தால், பின் 28 போட்டாலும் நிமிடத்துக்கு 38 மிதிதான் (பெடலின் முழுச் சுற்று) வரும். ஒவ்வொரு மிதியிலும் முழுப் பாரமும் முட்டியில்தான் விழும், வலி அதனால்தான். முன் 24, பின் 28 என்றால் 54 மிதி. முன் 24, பின் 34 என்றால் 65 மிதி. மலையில் 60-க்குக் குறையாமல் மிதிக்க முடிந்தால் முட்டி பிழைக்கும்.

இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் டீரெய்லர் 34 பல்லை ஏற்குமா என்று மாடல் எண்ணை வைத்துக் கேளுங்கள், எல்லாம் ஏற்காது. ஏற்றாலும் 28-க்கு அளந்து வெட்டிய செயின் நீளம் பத்தாமல் போகலாம். டீரெய்லருக்குள் விடாமல் முன் பெரிய பல், பின் பெரிய பல் இரண்டையும் சுற்றி இழுத்துப் பிடித்து, அதற்கு மேல் ஓர் அங்குலம் மிச்சம் வைப்பதுதான் அளவு.

பழைய ஃப்ரீவீலில் ஓடியிருந்தாலும் செயின் இன்னும் நல்ல நிலையில் இருக்கலாம். இரும்பு ஸ்கேலை வைத்து, செயின் கணுக்களைக் கோக்கும் ஓர் ஊசியின் நடுவிலிருந்து 24 கணு அளந்தால் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். 1/16 அங்குலம் கூடியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் புது ஃப்ரீவீலையும் தின்றுவிடும்.

அரவேணு

நான் கோத்தகிரி பக்கம். கியரை அண்ணன் பார்த்துக்கொள்வார், நான் பாதையைச் சொல்கிறேன்.

உங்கள் திட்டம் முழுக்கக் கிலோமீட்டர் கணக்கில் இருக்கிறது. இங்கே ஏற்றத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், கோத்தகிரி சுமார் 1,800. நடுவில் 33 கி.மீ. 100 கிலோவைக் கிட்டத்தட்ட 1,475 மீட்டர் உயரம் தூக்க வேண்டும். நாள் முழுக்கத் தாக்குப்பிடிக்கும் சக்தியாக 100 வாட் என்று வைத்தால், அந்தத் தூக்கலுக்கு மட்டும் 4 மணி நேரம். சாலை உராய்வு, ஓய்வு, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஆறு மணி நேரம் ஆகிவிடும். அதே நாளில் ஊட்டி என்றால், கோத்தகிரியிலிருந்து ஊட்டியைவிட உயரமான தொட்டபெட்டா சந்திப்பு வரை ஏறி, அப்புறம்தான் இறங்க முடியும். முதல் நாள் கோத்தகிரியிலேயே தங்கிவிடுங்கள்.

மேட்டுப்பாளையத்தில் விடிவதற்கு முன் கிளம்பாதீர்கள். சமதளத்துக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து நாலரை மணிக்கே மிதிக்கத் தொடங்குவார்கள். குஞ்சப்பனை பக்கம் யானைகள் சாலையைக் கடக்கும் இடம். சைக்கிளில் சத்தமே இருக்காது, வளைவு திரும்பியதும் பத்தடியில் யானை நின்றால் உங்களுக்கும் ஆபத்து, அதுவும் மிரளும். வெளிச்சம் நன்றாக வந்தபின் கிளம்புங்கள்.

இரண்டாம் நாள் திட்டத்தை அப்படியே கைவிடச் சொல்வேன். கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவுகள். தொடர்ந்து விபத்து நடந்ததால் வெளியூர் வண்டிகளை ஊட்டியிலிருந்து அந்த வழியாக இறங்க விடுவதில்லை. மோட்டார் வண்டிக்கே அந்த நிலை என்றால், ரிம்மைப் பிடித்து நிறுத்தும் பிரேக்கோடு 100 கிலோவை அங்கே இறக்குவதை யோசித்துப் பாருங்கள். கீழே மசினகுடி, தெப்பக்காடு எல்லாம் முதுமலைப் புலிகள் காப்பகம். யானையும் புலியும் நடமாடும் காட்டுச் சாலையில் சைக்கிளில் மெதுவாகப் போவது வேண்டவே வேண்டாம்.

அதற்குப் பதில் குந்தா பக்கம் போங்கள். ஊட்டியிலிருந்து மஞ்சூர் போகும் சாலை தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே போகும், வண்டிகளும் குறைவு. ஒன்று மட்டும் மனதில் வையுங்கள்: குந்தா பாலம் வரை ஆழமாக இறங்கி, அங்கிருந்து மஞ்சூருக்கு மறுபடி ஏற வேண்டும். வரைபடத்தில் கிட்டே தெரியும், காலுக்குத்தான் தூரம் புரியும்.

வாணியம்பாடி வழிப்போக்கன்

ரொம்ப நன்றி. அப்படியென்றால் முதல் நாள் கோத்தகிரி. இரண்டாம் நாள் ஊட்டி. மூன்றாம் நாள் மஞ்சூர் போய்வந்து அன்றே மேட்டுப்பாளையம் இறங்கலாமா?

அரவேணு

முடியாது. மூன்று நாள்தான் என்றால் மஞ்சூரை விட்டுவிடுங்கள். ஊட்டியிலிருந்து கேத்தி, குன்னூர் வழியாக இறங்குவதே ஒரு நாளுக்கு நிறைவாக இருக்கும். மஞ்சூர் வேண்டும் என்றால் நாலாவது நாள் கேளுங்கள். மழையில் அகப்படாத மாதமாக பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், நல்லது. வடகிழக்குப் பருவமழையில் இந்தக் கிழக்குச் சரிவுதான் இடியும். 2009 நவம்பர் மண்சரிவை இங்கே யாரும் மறக்கவில்லை. தென்மேற்குப் பருவத்தில் மேற்குப் பக்கம் கொட்டும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. கோடை சீசனில் சாலைகளை ஒருவழியாக்கி, கோத்தகிரி வழியை இறங்கும் வண்டிகளுக்கு விட்டுவிடுவார்கள், அப்போது இந்தப் பக்கமாக ஏற நினைக்காதீர்கள்.

காலையில் ஊட்டியில் நடுங்கும் குளிர் இருக்கும். ஏறும்போது வியர்த்த சட்டையோடு இறங்கினால் உடம்பு விறைத்துவிடும். காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட், முழுக் கையுறை எடுத்து வாருங்கள். விரல் மரத்தால் பிரேக் பிடிக்க வராது. தண்ணீருக்கு உங்கள் பாட்டிலையே கொண்டு வாருங்கள். மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை.

சேலத்து மிதியன்

ரயிலில் கொண்டு போவதாக இருந்தால் ஒரு வார்த்தை. மேட்டுப்பாளையம் வரை போகும் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஜோலார்பேட்டையில் கொஞ்ச நேரம்தான் நிற்கும். லக்கேஜ் வேனில் ஏற்ற நேரம் போதுமா, எந்த ஸ்டேஷனில் புக் செய்வது என்று பார்சல் அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, டீரெய்லரைச் சுற்றி அட்டையும் துணியும் வைத்துக் கட்டுங்கள். நிமிர்த்திய ஹேங்கர் ரயிலில் மறுபடி வளையக்கூடாது.

வாணியம்பாடி வழிப்போக்கன்

ஹேங்கர் புதிது போட்டு, 14-34 ஃப்ரீவீலும் மாற்றியாயிற்று. டீரெய்லர் ஏற்றுக்கொண்டது, செயின் நீளம் பத்தாததால் அதுவும் புதிது. இன்று காலை அதே சுமையோடு ஏலகிரி ஏறினேன். 14 வளைவும் முடியும்வரை ஒரு சத்தம் இல்லை. முட்டியும் வலிக்கவில்லை. ஆனால் இறங்கும்போது ரிம்மைத் தொட்டால் கை சுட்டது, பிரேக்கை அதிகம் இழுக்க வேண்டியிருந்தது. குன்னூர் இறக்கம் இதைவிட நீளம் என்பதால் கேட்கிறேன்.

எண்ணெய்க்கை

பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே இறங்கியிருப்பீர்கள். அப்படிச் செய்தால் சூடு ஆறவே இடம் கிடைக்காது. ரிம் கொதித்தால் ட்யூப் வெடிக்கவும் வாய்ப்பு உண்டு. நேரான துண்டில் கொஞ்சம் ஓடவிட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள். வளைவுக்குள் பிரேக் பிடிக்கும் நிலை வரக்கூடாது. அவ்வப்போது ஓரமாக நிறுத்தி ரிம்மை ஆறவிடுங்கள். பிரேக் கட்டையில் உள்ள பள்ளக்கோடு மறைந்திருந்தால் முன்னும் பின்னும் புதுக் கட்டை போடுங்கள், ஒரு ஜோடி கையிலும் இருக்கட்டும். தேய்ந்த கட்டையில் அலுமினியத் துணுக்கு பதிந்திருந்தால் ஊசியால் நோண்டி எடுங்கள், ரிம்மை அரிப்பது அதுதான்.

அரவேணு

மலைச்சாலை வழக்கம் ஒன்று: ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். குன்னூர் சாலையில் எதிரே பேருந்து கொண்டை ஊசியில் திரும்பும்போது முழுச் சாலையையும் எடுக்கும். ஹாரன் கேட்டதுமே வளைவுக்கு மேலேயே ஓரங்கட்டி நின்றுவிடுங்கள். ஏறும்போது இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்ஓரம்தான் மிகச் செங்குத்து, வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். மேலும் கீழும் வண்டி இல்லை என்று தெரிந்தால் மட்டும் கொஞ்சம் அகலமாக எடுத்துத் திரும்பலாம். கோத்தகிரி வந்து சேர்ந்ததும் இங்கே ஒரு வரி போடுங்கள், தங்க இடம் காட்டுகிறேன்.