தம்பிக்கு நான் கையெழுத்துப் போடலாமா?

அப்பா முன்பே இல்லை. மாசியில் அம்மாவும் போய்விட்டார். கொழும்பு வெள்ளவத்தையில் நானும் தம்பியும் மட்டும். எனக்கு 25, அவனுக்கு 15. அடையாள அட்டை விண்ணப்பத்தில் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம் கேட்கிறார்கள். பெரியம்மாவோ அவனை மட்டக்களப்புக்கு அனுப்பச் சொல்லி ஒற்றைக்காலில் நிற்கிறார். அந்தப் பேச்சு வந்தாலே இவன் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிவிடுகிறான்.

— தங்கச்சி, விண்ணப்பம் பாடசாலை ஊடாகத்தான் போகும். இரண்டு மரண அத்தாட்சிப் பத்திரங்களோடு முதலில் அதிபரைப் பாருங்கள், கிராம சேவகரையும். சட்டப்படி பாதுகாவலர் ஆக மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும். வக்கீலுக்குக் காசில்லையா? அளுத்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

— அம்மா வேலைக்குப் போனவரா? அப்படியென்றால் அவருடைய ஊழியர் சேமலாப நிதியை (சம்பளத்தோடு சேர்ந்து வந்த சேமிப்பு) விடாதீர்கள். நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்தில் கேளுங்கள். பெரியம்மாவோடு சண்டை வேண்டாம், (பிறகு அவர்தான் உதவி!) தம்பியின் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) முடியட்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

— நன்றி அக்கா. அம்மா கார்மென்ட்டில் இருந்தவர், திங்கள் போகிறேன். பெரியம்மாவிடம் ஓ.எல். கதையைச் சொன்னேன். "சரி, லீவுக்காவது அனுப்பு" என்கிறார்.