வெளிநாட்டு அங்கத்தவர்களும் சேரும் சூம் கூட்டத்தை ஒழுங்காக நடத்துவது எவ்வாறு?

செங்கலடிச் செயலாளர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், செங்கலடிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் பழைய மாணவர் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கிறேன். எமது நிருவாகக் குழுவில் செங்கலடி, ஏறாவூர், படுவான்கரை ஆகிய இடங்களில் இருப்பவர்களோடு லண்டன், ரொரன்ரோ, மெல்பேர்ண் நகரங்களில் குடியேறியவர்களும் இருக்கின்றனர். விஞ்ஞான ஆய்வுகூடத்தைத் திருத்துவதற்கு நிதி சேர்ப்பது, வேலையை யாரிடம் ஒப்படைப்பது போன்ற விடயங்களை எல்லோரும் சேர்ந்தே தீர்மானிக்க வேண்டியிருப்பதால் மாதந்தோறும் சூம் வழியாகக் கூடுகிறோம்.

கூடுகிறோமே தவிர, முடிவுக்கு வர இயலவில்லை. மௌன இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, மறைந்த ஆசிரியர் ஒருவருக்கான அஞ்சலி என்று வழமையான முறையில் தொடங்கினால் இலவசக் கணக்குக்குரிய 40 நிமிடத்தில் பாதி போய்விடுகிறது. பின்னர் இருவர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவதும், இருவருமே நிறுத்தி "நீங்கள் சொல்லுங்கள்" என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பதும், மறுபடியும் சேர்ந்தே தொடங்குவதுமாக நேரம் கழிகிறது. படுவான்கரை அங்கத்தவர்கள் நால்வர் ஒரே வீட்டில், ஒரு கைத்தொலைபேசியைத் தேநீர்ப் பிளாஸ்கில் சாய்த்து வைத்து அதைச் சுற்றி அமர்கின்றனர். மேலே மின்விசிறி சுழல்வதால் அவர்களின் குரலைவிடக் காற்றின் இரைச்சலே பெரிதாகக் கேட்கிறது. கூட்டம் முடிந்த பின்பு வட்ஸ்அப் குழுவில் அதே விவாதம் புதிதாகத் தொடங்குகிறது.

கட்டணம் செலுத்தும் கணக்கைப் பெற்றால் இவை தீரும் என்று சிலர் சொல்கின்றனர். இவ்வாறான கூட்டங்களை நடத்திப் பழகியவர்களின் ஆலோசனையை எதிர்பார்க்கிறேன்.

கல்லடி வாசகர்

செயலாளர் அவர்களுக்கு வணக்கம். கணக்கை மாற்றுவதற்கு முன்னர் உங்கள் நிகழ்ச்சிநிரலை மாற்றிப் பாருங்கள். இப்போதுள்ள ஒழுங்கிலேயே ஒன்றரை மணித்தியாலம் கிடைத்தாலும் ஆய்வுகூட விடயம் கடைசி ஐந்து நிமிடத்துக்கே தள்ளப்படும் என்பது என் கணிப்பு. பொதுக்கூட்டத்துக்குரிய சம்பிரதாயங்களை நிருவாகக் குழுக் கூட்டத்தில் முழுமையாகப் பின்பற்ற வேண்டிய அவசியம் இல்லை. ஒரு நிமிட மௌன வணக்கம் கட்டாயம் இருக்கட்டும். அஞ்சலியையும் கைவிடச் சொல்லவில்லை. எம்மை வளர்த்துவிட்ட ஆசிரியரைப் பற்றி அவசர அவசரமாக நான்கு வார்த்தை சொல்வதைவிட, அதற்கென்றே ஒரு மாலையை ஒதுக்கி, அவருடைய மாணவர்கள் யாவரும் மனம்விட்டுப் பேச இடம் கொடுப்பதே அவருக்கு மரியாதை.

நிகழ்ச்சிநிரலில் "ஆய்வுகூடத் திருத்தம்" என்று மொட்டையாக எழுதினால் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியதைப் பேசுவார்கள். "வந்துள்ள விலைக்கூறல்களில் எதை ஏற்பது?", "கூரையை இவ்வாண்டே மாற்றுவதா, அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பதா?" என்று விடை தேவைப்படும் கேள்வியாக எழுதுங்கள். விலைக்கூறல்களைத் தெளிவாகப் படம் எடுத்து, பொருளாளரின் கணக்கறிக்கையுடன் சேர்த்து, இரண்டு நாட்களுக்கு முன்பே வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கூட்டத்தில் எவரும் அறிக்கை வாசிக்கக் கூடாது. வாசித்தவர்கள் கேள்வி கேட்கலாம். கேள்வியாக எழுத முடியாத விடயமென்றால் அது தகவல் மட்டுமே, அதற்குக் கூட்டம் தேவையில்லை.

ஒருவர் பேச்சில் மற்றவர் இடறுவது பழக்கக் குறைவால் வருவதன்று. நேரில் பேசும்போது ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையில் பெரும்பாலும் ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு அளவே இடைவெளி இருக்கும். ரொரன்ரோ இங்கிருந்து ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்குச் சுமார் 200,000 கிலோமீற்றர் வேகத்தில் செல்வதால், நேர்கோட்டில் சென்றால்கூட ஒரு பக்கப் பயணத்துக்கு மட்டும் ஒரு செக்கனில் நூற்றில் ஏழு பங்கு தேவைப்படும். உண்மையில் அந்தச் சமிக்ஞை பல நாடுகளைச் சுற்றி, இடையிலுள்ள சேவையகங்களைக் கடந்து வருகிறது. ஆகவே அங்குள்ளவர் "இப்போது அமைதி" என்று கருதிப் பேசத் தொடங்கும் நேரத்தில் இங்குள்ளவர் ஏற்கெனவே தொடங்கியிருப்பார். தொலைபேசி இணைப்புகளில் ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்திருப்பதன் காரணமும் இதுவே.

இதற்குத் தலைவர்தான் பரிகாரம். அவர் பொதுவாக "யாருக்காவது கருத்து உண்டா?" என்று கேட்காமல், பெயர் சொல்லி ஒவ்வொருவராக அழைக்க வேண்டும். இணைப்புப் பலவீனமாக உள்ளவர்களை முதலில் அழையுங்கள். கடைசிவரை காத்திருந்தால் அவர்களது முறை வரும்போது தொடர்பு அறுந்திருக்கும். மேலும், தலைவர் வேறு, கூட்டத்தைத் திறந்து வைத்திருப்பவர் வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். மின்சாரமும் இணையமும் சீராகக் கிடைக்கும் லண்டன் அங்கத்தவரின் கணக்கிலிருந்து கூட்டத்தைத் திறக்கலாம், செங்கலடியிலுள்ள தலைவர் நடத்தலாம். தலைவரின் தொடர்பு போனால் யார் தொடர்வது என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அக்கரைப்பற்று வாசகர்

நேரத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். இலங்கை நேரம் 2006 ஏப்ரலில் இருந்து மாறாமல் இருக்கிறது. ரொரன்ரோ, பிரித்தானியா, மெல்பேர்ண் ஆகியவை ஆண்டுக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுகின்றன. ரொரன்ரோ மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையும் பிரித்தானியா அம்மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் மாற்றுவதால், இடைப்பட்ட வாரங்களில் அவர்களுக்கிடையிலான வித்தியாசமே ஐந்து மணித்தியாலத்திலிருந்து நான்காகிவிடும். எனவே அறிவித்தலில் எப்போதும் இலங்கை நேரத்தை முதலில் எழுதி, மற்ற ஊர்களின் நேரத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்த்து எழுதுங்கள். சென்ற மாத அறிவித்தலைப் பிரதி செய்து அனுப்பாதீர்கள்.

முஸ்லிம்கள் அதிகமாக வாழும் ஏறாவூரிலும் அங்கத்தவர்கள் இருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எமது கரையோரத்தில் சூரியன் மறையும் நேரம் பருவத்துக்கேற்ப மாலை 5.45க்கும் 6.25க்கும் இடையில் அமைவதால், பலரும் வழக்கமாகத் தெரிவுசெய்யும் 6.30 மணி மஃரிப் தொழுகை முடிந்து வீடு திரும்பும் நேரமாகும். 7 மணியாக வைத்தால் அவர்கள் ஆறுதலாக வந்து அமர முடியும். டிசம்பரில் அது ரொரன்ரோவில் காலை 8.30, லண்டனில் பிற்பகல் 1.30, மெல்பேர்ணில் நள்ளிரவு 12.30. மெல்பேர்ண் அங்கத்தவருக்கு இது சிரமமே. சனிக்கிழமை மாலை கூடினால் அவருக்கு அடுத்து விடிவது ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும் என்பதால் ஓரளவு தாங்கிக்கொள்வார். சில மாதங்களில் பிற்பகல் 4.30க்கு மாற்றினால் அவருக்கு இரவு 10 மணியாகும், ரொரன்ரோ அங்கத்தவர் காலை 6 மணிக்கு எழும்ப வேண்டும். சிரமத்தை இருவருக்கும் மாறி மாறிப் பகிர்வதே நியாயம். ரமழான் மாதத்தில் நோன்பு திறப்பும் தராவீஹ் தொழுகையும் இருப்பதால் மாலை வேளையை முற்றாகத் தவிர்த்துவிடுங்கள்.

வந்தாறுமூலை வாசகர்

படுவான்கரை நால்வரின் பிரச்சினைக்கு வருகிறேன். குரல் எழும் இடத்துக்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தூரம் இருமடங்கானால், அதை வந்தடையும் குரலின் அழுத்தம் ஏறக்குறைய பாதியாகும். விசிறியின் இரைச்சலோ அப்படியே இருக்கும். ஆகவே விசிறியை நிறுத்திவிட்டு, மடித்த துவாய் ஒன்றின் மேல் தொலைபேசியை வைத்து, பேசுபவர் கையெட்டும் தூரத்துக்கு அதைத் தம் பக்கம் நகர்த்திக்கொள்வது நல்லது. நால்வரும் அதே அறையில் தனித்தனித் தொலைபேசிகளில் இணைய வேண்டாம். ஒன்றின் ஒலிபெருக்கியில் வரும் குரல் மற்றதன் ஒலிவாங்கிக்குள் புகுந்து எதிரொலித்து, சில வேளைகளில் ஊளையிடத் தொடங்கும். தனித்தனியாகத்தான் இணைவதென்றால் ஒவ்வொருவரும் காதில் இயர்போன் அணிய வேண்டும்.

சூமில் குரலுக்கு மட்டும் செக்கனுக்கு 60 முதல் 80 கிலோபிற் போதும். கணக்குப் பார்த்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 36 மெகாபைற்றைத் தாண்டாது. இருபத்தைந்து முகங்களையும் ஒன்றாகக் காட்டும் திரையைத் திறந்து வைத்தால் செக்கனுக்கு 2 மெகாபிற் வரை தேவைப்படுவதால் அதே ஒரு மணித்தியாலத்தில் 900 மெகாபைற் போய்விடும். தொடக்கத்தில் ஒருவரையொருவர் கண்டு நலம் விசாரித்த பின்னர், சிக்னல் குறைந்த இடத்தில் இருப்பவர்கள் படத்தை அணைத்து, பேசுபவர் மட்டும் தெரியும் திரைக்கு மாறிக்கொண்டால் குரல் தடைப்படாது. மடிக்கணினியில் மின்கலம் இருந்தாலும் மின்சாரம் நின்றதும் வீட்டு ரவுட்டர் நின்றுவிடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால், அக்காலத்தில் தொலைபேசியை முன்பே முழுமையாகச் சார்ஜ் செய்து, வயரைக் கழற்றிவிட்டு, கைத்தொலைபேசி டேட்டாவில் இணைவதே பாதுகாப்பு.

செங்கலடிச் செயலாளர்

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. சனிக்கிழமை 7 மணி என்ற யோசனையை இன்றே குழுவுக்குத் தெரிவிக்கிறேன். இன்னும் இரண்டு விடயங்களில் தெளிவு தேவை. எமது முன்னாள் அதிபர் இப்போது சங்கத்தின் போசகர். அவர் பேசத் தொடங்கினால் இடைமறிக்க எவருக்கும் மனம் வருவதில்லை. அடுத்தது, இடையில் தொடர்பு அறுந்தவர்கள் பின்னர் "நான் இதற்கு உடன்படவில்லை" என்று வட்ஸ்அப்பில் எழுதுகின்றனர்.

கல்லடி வாசகர்

போசகரை இடைமறிக்க வேண்டாம். அவர் முதலில் ஒரு பக்கம் சாய்ந்து சொல்லிவிட்டால் அவரிடம் படித்தவர்கள் எவரும் அதற்கு மாறாக வாய் திறக்க மாட்டார்கள் என்பதே நீளமான பேச்சைவிடப் பெரிய சிக்கல். கூட்டத்துக்கு முதல் நாள் தலைவர் அவரை நேரில் சந்தித்து, "ஐயா, நாங்கள் எல்லோரும் சொல்வதைக் கேட்டுவிட்டு இறுதியில் உங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும்" என்று கேட்டுக்கொள்ளட்டும். அது அவருக்குக் கௌரவமாகவும் இருக்கும், இளையவர்கள் பயமின்றிப் பேசவும் வழி பிறக்கும். பழைய கட்டடத்தின் அத்திவாரம் எப்படிப் போடப்பட்டது போன்ற, அவர் மட்டுமே அறிந்த விபரங்கள் இருந்தால் அவற்றை அந்தச் சந்திப்பிலேயே கேட்டு எழுதி, மற்ற ஆவணங்களுடன் அனுப்பிவிடுங்கள்.

முடிவெடுக்கும்போது "எதிர்ப்பு இருக்கிறதா?" என்று கேட்டு, பதில் வராததைச் சம்மதமாக எடுக்காதீர்கள். இணையத்தில் அமைதி என்பது தொடர்பு அறுந்ததாகவும் இருக்கலாம். பெயர் பெயராக அழைத்து "ஆம்", "இல்லை" என்று வாயால் சொல்ல வைத்து, முடிவை அரட்டைப் பெட்டியில் எழுதி, உரக்க வாசித்த பிறகே அடுத்த விடயத்துக்குச் செல்லுங்கள். இணையவழியில் வருவோரைக் கூட்ட நடப்பெண்ணில் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகையில்) சேர்க்கலாமா என்று உங்கள் யாப்பில் இருக்கிறதா எனப் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவருவது அவசியம். பணம் சம்பந்தப்பட்ட விடயங்களில் இது பிற்பாடு பெரிய தகராறாக வரக்கூடியது.

யார், எந்த வேலையை, எந்தத் திகதிக்குள் முடிப்பது என்பதைக் கொண்ட குறிப்பை அன்றிரவே குழுவில் இடுங்கள். அதில் மறுப்பு உள்ளவர்கள் குழுவில் விவாதிக்காமல் மூன்று நாட்களுக்குள் செயலாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்றும், அது அடுத்த கூட்டத்தின் முதலாவது கேள்வியாக வரும் என்றும் முன்கூட்டியே எல்லோரிடமும் ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள்.