அம்மாவின் வீட்டுச் சொத்து வரி குறித்து விவரம் அறிந்தோரின் உதவி தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரின் அங் மோ கியோவில் தனியாக வசிக்கும் என் தாயாரின் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு, சுற்றுவட்டார வாடகைகளை வைத்துக் கணிக்கப்பட்ட ஆண்டு மதிப்பு 14,400 வெள்ளி. 2024 வரவுசெலவுத் திட்ட அறிவிப்பின்படி 2025 முதல் உரிமையாளரே குடியிருக்கும் வீட்டின் முதல் 12,000 வெள்ளிக்கு வரி இல்லை. மீதிக்கு 4 விழுக்காடு என்பதால், கழிவுக்கு முன் 96 வெள்ளிதான் வருகிறது. முழங்கால் வலியால் அவர் என்னோடு வந்து தங்கி, வீட்டை முழுவதுமாக வாடகைக்கு விட்டால், அதே மதிப்புக்கு 12 விழுக்காடாக 1,728 வெள்ளி செலுத்த வேண்டும். எண்ணி எண்ணிச் செலவிடும் அவருக்கு இது பெருந்தொகை.

ஆண்டின் நடுவில் இப்படிக் குடிபெயர்ந்தவர்கள், உயர்ந்த விகிதம் எந்த நாளிலிருந்து கணக்கிடப்பட்டது, வருவாய் ஆணையத்துக்கு எப்போது தெரிவித்தீர்கள், வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிக்கப்படும் கைரோ மாதத் தவணை எப்படி மாறியது என்பதை அன்புகூர்ந்து எழுதுங்கள்.