ஜோர்டான் 57ஆம் இலக்கக் காட்: எந்த விலையை நம்புவது?

உவர்மலை23
திருகோணமலையில் ஒரு பெட்டி என்.பி.ஏ. காட் (அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் படம் போட்ட சேகரிப்பு அட்டை) விலைக்கு வந்திருக்கு. அநேகமானவை 1990-91 ஹூப்ஸ், 1991-92 அப்பர் டெக், நானூறு தேறும். இவை காட் அடித்த கம்பனிகளின் பெயர். அதற்குள் 1986-87 ஃபிளியர் கம்பனியின் 57ஆம் இலக்க மைக்கல் ஜோர்டான் காட் ஒன்று. இபேயில் அதே காட்டுக்கு 500 டொலரும் போட்டிருக்கு, 50,000 டொலரும் போட்டிருக்கு. எது சரி? ஆள் பெட்டியைப் பிரித்துத் தரமாட்டாராம்.

பழங்காட்
இரண்டும் கேட்கிற விலை. யாரும் எவ்வளவும் கேட்கலாம். இபேயில் 'விற்றவை' என்று வடிகட்டிப் பாருங்கோ. விலையில் கோடு கீறியிருந்தால் பேரம் பேசிக் குறைத்து விற்றது. உண்மையில் கைமாறிய தொகையை 130பொயின்ட் தளத்தில் பார்க்கலாம். கடைசி ஐந்தாறு விற்பனையின் நடுத்தொகைதான் இன்றைய விலை.

அதிலும் தரம் ஒத்திருக்க வேணும். காட்களைத் தரமிடுகிற பிஎஸ்ஏ கம்பனியின் உச்ச இலக்கமான 10 பெற்ற இதே ஜோர்டான் 2021 ஜனவரியில் 738,000 டொலருக்குப் போய், அந்த வருசம் முடிய முதலே பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பிஎஸ்ஏ 8 அதற்குக் கிட்டவும் வராது. நாலு மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா, இந்த நாலும்தான் இலக்கத்தைத் தீர்மானிக்கும். இந்தக் காட்டின் சிவப்பு-வெள்ளை-நீலக் கரையில் மூலை சற்றுத் தேய்ந்தாலும் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும்.

ஹூப்ஸை மலைமலையாக அச்சடித்துத் தள்ளினார்கள், அதனால் பெரிய விலை இல்லை. அதில் 205ஆம் இலக்க மார்க் ஜாக்சன் காட்டை மட்டும் தேடி எடுங்கோ. பெற்றோரைக் கொன்ற மெனெண்டஸ் சகோதரர் பின்னால் பார்வையாளர் வரிசையில் இருக்கிற படம். அதுவும் சில டொலர்தான். மிச்சத்தைத் தரமிட அனுப்பினால் கூலியும் தபாலும் காட்டின் விலையை விழுங்கிவிடும்.

உருப்பெருக்கி
விலைக்கு முதல் அசலா என்று பாருங்கோ. அதிகம் போலி அடிக்கப்பட்ட காட்களில் இது ஒன்று. நகைக்கடைக்காரர் வைக்கிற பத்து மடங்கு லென்ஸ் போதும். படத்தில் வர்ணப் புள்ளிகள் பூப்போலச் சேர்ந்திருக்கும், அது சரி. ஆனால் கறுப்பு எழுத்தும் கோடும் ஒரே மையில் அடைத்து விழுந்திருக்க வேணும். எழுத்துக்குள்ளும் புள்ளி தெரிந்தால் படத்தை ஸ்கான் பண்ணி அடித்தது. அளவு 2.5க்கு 3.5 அங்குலம், குறைந்தால் ஓரம் வெட்டியிருக்கினம், தரமிடுகிறவர்கள் இலக்கம் போடமாட்டார்கள்.

கடற்காத்து
பெட்டியில் ரப்பர் பாண்ட் போட்டிருந்தால் வெளிக் காட்களின் ஓரத்தைத் தடவிப் பாருங்கோ, பள்ளம் விழுந்திருக்கும். எங்கட மாரிக் காத்தில் மினுங்குத்தாள் காட் வளையும். கடதாசிப் பக்கம் ஈரம் குடிக்கும், மினுங்குப் பக்கம் குடிக்காது. பளபளப்பானவை ஒட்டியிருந்தால் இழுக்கவேண்டாம், மை உரிந்துவிடும். பிவிசி அல்பம் வேண்டாம். பென்னி ஸ்லீவ் (மெல்லிய பிளாஸ்டிக் உறை), அதற்கு மேல் டொப்லோடர் (விறைப்பான பிளாஸ்டிக் உறை), இறுக்கி மூடிய டப்பாவில் சிலிக்கா பை.

உவர்மலை23
லென்ஸில் பார்த்தாச்சு. பெயரில் 'ஜே' எழுத்துக்குள்ளேயே நீலமும் சிவப்புமாய்ப் புள்ளி.

உருப்பெருக்கி
அப்ப ஹூப்ஸ் விலைக்குக் கேளுங்கோ. ஜோர்டானுக்கென்று ஒரு சதமும் கூட்டாதீங்கோ.